புரியாத முன்னோர் பெயருக்கு ஃபேமிலிசர்ச்

முன்னோர் பற்றிய பழைய பதிவுகளைத் தேடித்தரும் இணையதளம் ஃபேமிலிசர்ச் (FamilySearch). கட்டணமில்லை, கணக்குத் தொடங்கினால் போதும். கொள்ளுத்தாத்தாவின் விநோதப் பெயரைத் துருவ நல்ல தொடக்கம் இந்தத் தளம். பெயரை முழுதாக அடிக்காதீர்கள். ஐயமான ஓரெழுத்துக்குக் கேள்விக்குறி, பல எழுத்துகளுக்கு நட்சத்திரக்குறி. அடுத்து, குடும்பப்பெயரை விட்டுவிட்டு முதற்பெயர், ஊர், காலம் மட்டும் கொடுத்துத் தேடுங்கள். அண்டை வீடுகளிலும் அதே பெயரென்றால் வட்டார வழக்காக இருக்கலாம். ஒரே குடும்பத்தில் மட்டுமென்றால் பாட்டியின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயரோ ஞானத்தந்தையின் பெயரோ முதற்பெயராகியிருக்கலாம்.

தேடலில் வரும் அட்டவணையை, அதாவது பழைய பதிவுகளைப் படித்துத் தட்டச்சிட்ட பெயர்ப்பட்டியலை, மட்டும் நம்பாதீர்கள். பழைய ஆங்கிலக் கையெழுத்தில் 'எஸ்' எழுத்தின் நீண்ட வடிவம் (ſ) 'எஃப்' (f) போலத் தெரியும். 'அபூர்வப் பெயர்' பிறப்பது பல நேரம் அங்கேதான்! மூலப் பதிவின் படத்தைத் திறந்து, அதே எழுத்தரின் வேறு சொற்களோடு ஒப்பிடுங்கள். சில படங்கள் வீட்டிலிருந்து திறக்காது. ஃபேமிலிசர்ச்சின் மையத்துக்கோ அதனுடன் இணைந்த நூலகத்துக்கோ போகவேண்டும். பெயரின் பொருளுக்குப் பெயர் அகராதியையும் பாருங்கள்.