மடக்குப் பல்லாங்குழி: குழி நன்று, கீல் சுமார்

மீன் வடிவத்தில், இரண்டு வரிசைக்கும் நடுவே கீல் வைத்து மடிக்கிற மரப் பல்லாங்குழி. மதுரையில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்கடை ஒன்றில் வாங்கினோம். 750 சொல்லி 650க்கு இறங்கினார். தேக்கு என்று அடித்துச் சொன்னார். தூக்கிப் பார்த்த என் மாமியார், "தேக்குன்னா இவ்வளவு லேசாவா இருக்கும்? சரி, குழி நல்லாருக்கு, எடுத்தா" என்றார்.

குழி நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே வழவழவென்று கடைந்திருக்கிறார்கள். ஆட்டத்தில் பாதி நேரம் குழியைத் துடைத்து அள்ளுவதுதானே; விளிம்பில் சிராய் இருந்தால் விரலில் ஏறிவிடும். முன்பு வைத்திருந்த பிளாஸ்டிக்கில் சிராய் பயம் இல்லை. ஆனால் காய் துள்ளிப் பக்கத்துக் குழிக்குப் போகும், பலகையும் தரையில் வழுக்கும். அதற்கு இது எவ்வளவோ மேல்.

வீட்டுக்கு வந்தபிறகு மாமியார் ஒரு குறை கண்டுபிடித்தார்: ஆழம் போதவில்லையாம். எங்கள் வீட்டில் ஆட்டத்தின் நடுவே காயைக் கிளறி எண்ணக் கூடாது, கண்ணாலேயே கணக்குப் போட வேண்டும். குழி தட்டையாக இருப்பதால் மூன்றாவது படிக்கிற என் மகளுக்கும் கணக்குத் தெரிந்துவிடுகிறது. அப்பத்தாவை அவள் ஜெயிக்கத் தொடங்கிய பிறகுதான் இந்த ஆழப் புகார் வந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கூடவே 80 சோழி தருகிறார்கள். 14 குழிக்கு ஐந்தைந்து போட்டால் 70, போதும். ஆறு போட்டு ஆடும் வீடுகளுக்கு 84 வேண்டும், நாலு குறையும். அதெல்லாம் பெரிதில்லை, சோழியே பெரிதாக இருப்பதுதான் சிக்கல். பத்துக் காய் சேர்ந்தால் சிறுபிள்ளை கையில் அடங்கவில்லை. புளியங்கொட்டைக்கு மாறிவிட்டோம். சில கடைகளில் குண்டுமணி போட்டுக் கொடுக்கிறார்கள். கறுப்புப் பொட்டு வைத்த அந்தச் சிவப்பு விதை விஷம். மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கைக்குழந்தை தவழும் வீட்டில் எந்தக் காயையும் எட்டாத இடத்தில் வைக்கத்தான் வேண்டும், குண்டுமணியை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

ஆட்ட விதி என்று ஆங்கிலத்தில் ஒரு தாள். காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர்வது, அது காலியாக இருந்தால் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியை எடுத்துக்கொள்வது எல்லாம் சரியாகவே இருக்கிறது. நாலு சேர்ந்தால் பசு, அது குழிக்குச் சொந்தக்காரருக்கு என்பதைக் காணோம். பசு இல்லாத பல்லாங்குழியை மாமியார் ஒப்புக்கொள்வதாக இல்லை. தாள் இப்போது என் நாவலுக்குள் பக்க அடையாளமாக இருக்கிறது.

ஞாயிறு மதியம் நான் அந்த நாவலோடு சாய்ந்துவிட, துணைக்கு ஆள் இல்லையென்றால் அவர் சீதைப் பாண்டி ஆடுவார். அசோகவனத்தில் சீதை தனியாக ஆடியதாம். ஒரே வரிசையில் 7, 6, 5, 4, 3, 2, 1 என்று காய். ஏழை எடுத்து அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுச் சுற்றி வந்தால், கடைசிக் காய் எடுத்த குழியிலேயே விழும். ஏழு அடுத்த குழிக்குப் போயிருக்கும். இப்படி ஏழு தடவை போட்டால் பழைய வரிசை அப்படியே திரும்பி வரும். மகள் நம்பாமல் நோட்டில் எழுதிச் சரிபார்த்தாள். விடுமுறைக் கணக்குப் பாடத்துக்கு அவள் அவ்வளவு பக்கம் செலவழித்ததில்லை.

இனி கீல். ஒரு மாதத்துக்குள் திருகாணி தளர்ந்து, இரு வரிசைக்கும் நடுவே ஒரு இடுக்கு விழுந்தது. புளியங்கொட்டை அதில் போய் மாட்டும், ஊசியால் நெம்பி எடுக்க வேண்டும். என் கணவர் கொஞ்சம் நீளமான திருகாணி வாங்கி முறுக்கினார். இப்போது அசையவில்லை, ஆனால் அதன் முனை அடியில் லேசாகத் துருத்துவதால் கீழே துணி விரித்துத்தான் ஆடுகிறோம். கொக்கியும் நம்பத் தகுந்ததல்ல. காயை உள்ளே வைத்து மடித்துத் தூக்கினால் வீடெல்லாம் கொட்டும். சுருக்குப் பை ஒன்று தைத்துக்கொள்ளுங்கள்.

குழிக்காக 650 கொடுக்கலாம். வாங்கும்போது கடையிலேயே விரித்துத் தரையில் வைத்து, ஒரு ஓரத்தை அழுத்திப் பாருங்கள். மறு ஓரம் எழும்பினால் வேறு பலகை கேளுங்கள்.