40 மணித்தியாலத் தொண்டு: வாரமா, முகாமா, விழாவா?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உயர்பாடசாலைச் சான்றிதழ் பெற 30 கிரெடிட்டும் (பாடம் தேறினால் கிடைக்கும் அலகு) எழுத்தறிவுத் தேர்வும் மட்டும் போதாது; 40 மணித்தியாலச் சமூகத் தொண்டும் முடித்திருக்க வேண்டும். 1999இல் தரம் 9 தொடங்கிய பிள்ளைகளிலிருந்து இது கட்டாயம். கோவிட் காலத்தில் 20 ஆகக் குறைத்தார்கள், பிறகு பழையபடி 40. நாலு வருடத்துக்குப் பகிர்ந்தால் வருடத்துக்குப் பத்துத்தான். அப்படியிருந்தும் பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்தபிறகு, மே மாதத்தில், மிச்சம் 15 மணித்தியாலத்தை எங்கே செய்வது என்று அலையும் தரம் 12 பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த அனுமதி நிபந்தனையோடு வருவது. சான்றிதழ் இல்லாவிட்டால் அனுமதியும் இல்லை.

தரம் 8 முடிந்த கோடையிலேயே மணித்தியாலங்களைச் சேர்க்கத் தொடங்கலாம். பெரும்பாலான பிள்ளைகள் போகும் வழிகள் மூன்று: ஒரே இடத்தில் வாரம் தவறாமல் போவது, கோடைமுகாமில் ஒரே மூச்சில் முடிப்பது, விழாக்களிலும் நிகழ்ச்சிகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுக்குவது. நாலாவதாக மருத்துவமனை. 40 மணித்தியாலத்துக்காக மட்டும் போவதென்றால் அது வேண்டாம், காரணம் கீழே.

முதலில் எவை கணக்கில் வராது என்பதைப் பார்த்துவிடுவோம். இங்கே சறுக்கினால் எந்த வழியும் உதவாது. வகுப்பு நேரத்தில் செய்தது சேராது. மதிய இடைவேளையிலும் பாடமில்லாத பீரியட்டிலும் செய்தால் சேரும். சம்பளம் வாங்கியது சேராது. சம்பளம் வாங்காவிட்டாலும், வழக்கமாகச் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் வேலை என்றால் அதுவும் சேராது. ஆகவே மாமாவின் கடையில் காசுமேசையில் நின்றதை எழுதிக்கொண்டு போகாதீர்கள். வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது வீட்டுவேலை. வாகனம் ஓட்டுவது, மோட்டார்க் கருவி பிடிப்பது, சாரத்தில் ஏறுவது, ஒருவருக்கு மருந்து கொடுப்பது, நகை போன்ற விலையுயர்ந்த பொருளைக் கையாள்வது, வங்கி அலுவல் எல்லாமே விலக்கு. பக்கத்து வீட்டு முதியவருக்குப் பனி அள்ளிக் கொடுப்பதை அனுமதி வாங்கிச் செய்யலாம், ஆனால் சவளால் அள்ள வேண்டும். பனி ஊதும் இயந்திரத்தைத் தொட்டால் மோட்டார்க் கருவி விலக்கில் மாட்டுப்படும்.

வாரம் தவறாமல் ஒரே இடம்

வாரம் 2 மணித்தியாலம், 20 வாரம். ஒக்ரோபரில் தொடங்கினால், நத்தார் விடுமுறையும் ஜனவரிக் கடைசிப் பரீட்சைக் காலமும் போக, மார்ச் அளவில் முடிந்துவிடும். நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கத் துணைநிற்பது, வீட்டுப்பாட உதவி நிலையம், முதியோர் இல்லம், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஆசிரியருக்கு உதவுவது எல்லாம் இந்த வகை.

இதன் பெரிய பலம் ஒரே மேற்பார்வையாளர், ஒரே படிவம் என்பது. ஐந்து மாதம் ஒரு பிள்ளையைப் பார்த்த ஆள் பின்னால் முதல் பகுதிநேர வேலைக்கோ புலமைப்பரிசிலுக்கோ கடிதம் கொடுக்கும்போது, அதில் எழுத அவருக்கு ஏதாவது இருக்கும். நேரந்தவறாமை பழகுவதும் இங்கேதான்.

கெடுவது எங்கே என்றால் டிசம்பரில். நாலரை மணிக்கே இருட்டு, பஸ் பிந்துகிறது, வேதியியல் பரீட்சை வருகிறது. பிள்ளை இரண்டு கிழமை சொல்லாமல் நின்றுவிடுகிறது, மூன்றாவது கிழமை போக வெட்கப்படுகிறது. 14 மணித்தியாலத்தோடு கதை முடிகிறது. இதைத் தவிர்க்க இரண்டு வழி. வீட்டிலிருந்தோ பள்ளியிலிருந்தோ ஒரே பஸ்ஸில் போகக்கூடிய இடமாகத் தெரிவு செய்யுங்கள், பயண நேரம் எப்படியும் கணக்கில் சேராது. பரீட்சைக் கிழமைகளில் வரமாட்டேன் என்று சேரும் நாளிலேயே சொல்லி நாட்களைக் குறித்துக் கொடுக்கட்டும். எந்த ஒருங்கிணைப்பாளரும் இதற்கு மறுப்புச் சொல்வது அரிது. சொல்லாமல் நிற்பதைத்தான் அவர்கள் பொறுப்பதில்லை.

தமிழ் வகுப்பு பற்றி ஒரு குறிப்பு. உயர்பாடசாலையில் கிரெடிட்டுக்காகத் தமிழ் படிக்கும் பிள்ளை அந்த வகுப்பில் உட்கார்ந்த நேரத்தைத் தொண்டாகக் காட்ட முடியாது. கீழ்வகுப்புக்குப் போய் உதவிய நேரம்தான் தொண்டு. இரண்டும் ஒரே கட்டடத்தில், ஒரே சனிக்கிழமையில் நடப்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

கோடைமுகாம்

காலை 9 முதல் மாலை 4 வரை, மதிய உணவுக்கு அரை மணி கழித்தால் நாளுக்கு ஆறரை. ஐந்து நாளில் 32.5. இரண்டாவது கிழமையில் இன்னும் இரண்டு நாள் போனால் 40ஐத் தாண்டிவிடும். ஆகஸ்ட் முதல் திங்கள் விடுமுறை என்பதால் அந்தக் கிழமை நாலு நாள்தான், அதை மறந்து கணக்குப் போட்டால் ஆறரை மணி குறையும்.

முடிக்கும் வேகத்தில் இதை அடிக்க ஒன்றுமில்லை. தரம் 9க்குப் போகும் முன்பே 40ஐயும் முடித்துவிட்டு நாலு வருடம் நிம்மதியாக இருக்கலாம். சிக்கல் இடம் கிடைப்பதில். ஜூலை முகாமுக்கு உதவியாளர்களைப் பல இடங்களில் மார்ச், ஏப்ரலிலேயே எடுத்து முடித்துவிடுவார்கள். ஜூன் கடைசியில் கேட்டால் கைவிரிப்புத்தான். வயதெல்லையும் உண்டு: 14 வயது நிறையாத பிள்ளையைப் பெரியவர் துணையின்றி வேலைத்தளத்தில் விட விதி இடங்கொடுக்காது. வருடக் கடைசியில் பிறந்த பிள்ளைகளுக்குத் தரம் 8 கோடையில் 13 வயதுதான், அவர்களுக்கு அடுத்த கோடையே வசதி.

இன்னொன்றையும் பாருங்கள். ‘தலைமைப் பயிற்சி’ என்று பெயரிட்டுப் பெற்றோரிடம் கட்டணம் வாங்கும் முகாம்களும் இருக்கின்றன. அதில் பயிற்சி வகுப்பு எவ்வளவு, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட நேரம் எவ்வளவு என்று பிரித்துத் தருவார்களா, முழுவதற்கும் கையொப்பமிடுவார்களா என்று காசு கட்டுமுன் கேளுங்கள். கேட்டதைப் பள்ளி வழிகாட்டல் ஆலோசகரிடமும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். காசு கொடுத்து மணித்தியாலம் வாங்குவது எங்களுக்கு உவப்பானதல்ல.

விழா, நடைபவனி, உணவு வங்கி

உணவு வங்கியில் பொருள் பிரிக்கும் ஒரு முறை மூன்று மணித்தியாலம் என்றால் 14 முறை போக வேண்டும். விழா என்றால் ஒன்றுக்கு ஐந்து, ஆறு மணித்தியாலம், ஏழெட்டு விழா. ஏழெட்டு விழா என்றால் ஏழெட்டு அமைப்பு, ஏழெட்டுக் கையொப்பம், ஏழெட்டுத் தொலைபேசி இலக்கம். இந்த வழி உடைவது அங்கேதான். தெருவிழா முடிந்து கூடாரம் கழற்றும் இரவு பத்து மணிக்குப் பொறுப்பாளரைக் கண்டுபிடிக்க ஏலாது. இரண்டு மாதம் கழித்து மின்னஞ்சல் போட்டால் அந்த ஆண்டின் குழுவே மாறியிருக்கும். ஆகவே படிவத்தை அன்றைக்கே கொண்டுபோய், பணிநேரம் முடிய அரை மணித்தியாலம் இருக்கும்போதே கையொப்பம் வாங்கிவிட வேண்டும்.

கோயில் தொண்டும் பெரும்பாலும் இந்த வகைதான். அன்னதானத்தில் பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது, காலணி வைக்கும் இடத்தில் நிற்பது போன்றவற்றுக்கு ஆட்சேபம் வருவது குறைவு, ஆனாலும் முன்கூட்டி அனுமதி வாங்குவது நல்லது. பூசையில் கலந்துகொண்ட நேரம் தொண்டல்ல. சுவாமி நகை துடைப்பது விலக்குப் பட்டியலில் விழும்.

மூன்றில் இது கடைசி என்பதே எங்கள் கருத்து. 33 மணித்தியாலம் இருக்கிறது, 7 குறைகிறது என்றால் இதுதான் சரியான மருந்து. அடித்தளமாக வைத்தால் தரம் 12 வரை இழுபடும்.

மருத்துவமனைக்கு வருவோம். பல மருத்துவமனைகள் நேர்காணல், தடுப்பூசிப் பதிவு, காசநோய்ப் பரிசோதனை எல்லாம் கேட்கும், அதோடு மாதக்கணக்கில் வருவதாக உறுதியும் கேட்கும். விண்ணப்பித்து முதல் நாள் உள்ளே போகவே ஒரு பருவம் கழிந்துவிடலாம். நேர்ஸ், மருத்துவம் என்று ஆசை உள்ள பிள்ளை 40ஐ வேறெங்காவது முடித்துவிட்டுத் தரம் 11இல் இதற்குப் போகட்டும்.

படிவம்

எந்த வழியானாலும் ஒழுங்கு ஒன்றுதான். கல்விச்சபையின் அங்கீகரித்த பட்டியலைப் பாருங்கள். பட்டியலில் இருந்தால் தொடங்கலாம். இல்லாவிட்டால் அதிபரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே தொடங்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையொப்பமும் தேவை, ஆனால் அது சம்மதத்துக்கு. மேற்பார்வையாளர் இடத்தில் அம்மாவோ சித்தப்பாவோ கையொப்பமிட்ட படிவத்தை வாங்க மறுப்பார்கள். திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம் தனித்தனி வரியில் இருக்கட்டும். ‘ஜூலை, 40 மணித்தியாலம்’ என்று ஒரே வரியில் வந்த படிவம் திரும்பிவரத்தான் பார்க்கும். சில சபைகளில் இப்போது இணையத்தில் பதிகிறார்கள், அங்கே மேற்பார்வையாளரின் மின்னஞ்சல் பிழையாக இருந்தால் உறுதிப்படுத்தல் போய்ச்சேராது. முப்பது மணித்தியாலம் சேரும்வரை வைத்திருக்காமல் ஒவ்வொரு பருவமும் கொடுத்து, கொடுக்குமுன் படம் எடுத்து வையுங்கள்.

தொண்டுநேரத்தில் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்குக் கல்விச்சபையின் பொறுப்புக் காப்புறுதி உண்டு. பிள்ளைக்கே காயம் பட்டால் வேலைத்தளக் காப்புறுதி பொருந்தாது. பாரம் தூக்கும் வேலை என்றால் இதை நினைவில் வையுங்கள்.

இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ தரம் 11, 12இல் வந்து சேரும் பிள்ளைக்கு எத்தனை மணித்தியாலம் என்பதை அதிபர்தான் தீர்மானிப்பார். முழு நாற்பதும் என்று தாங்களாகவே நினைத்து ஓடாமல், பதிவு செய்யும் கிழமையிலேயே கேட்டு, சொன்ன எண்ணிக்கையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.