‘தாத்தாவோட டீபாட்’ என்று சொன்னால் நம்பாதீர்கள்: 480 வெள்ளி போச்சு

சீனாவின் யீசிங் ஊர் மண்ணில் செய்த பழைய டீபாட் வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். மூன்று நாளைக்கு முன்னால், இதே சிங்கப்பூரில், 480 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து ஏமாந்திருக்கிறேன். வயிறு எரிகிறது. என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

சீனத் தேநீர் மேல் எனக்கு ஆறேழு வருடப் பைத்தியம். யீசிங் மண் பாத்திரத்துக்கு உள்ளே பூச்சு எதுவும் கிடையாது. குடிக்கக் குடிக்கத் தேநீர் மண்ணில் ஊறும். அதனால் ஒரு டீபாட்டுக்கு ஒரே வகைத் தேயிலைதான் போடுவேன். நல்ல மண் வெட்டிய ஹுவாங்லொங் மலைச் சுரங்கத்தை மூடிப் பல வருடமாகிவிட்டது. பழசுக்கு இவ்வளவு கிராக்கி வர அதுவும் ஒரு காரணம். அதிலும் 1960களில் யீசிங்கின் முதலாம் எண் தொழிற்சாலையில் செய்த சின்ன ‘ஷுயிபிங்’ (மூக்கும் வாயும் கைப்பிடியும் ஒரே மட்டத்தில் இருக்கும் வகை) என்றால் யாரும் விடமாட்டார்கள். நானும் விடவில்லை.

பழைய பொருள் விற்கும் ஒரு செயலியில் பார்த்து, எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்து உணவங்காடியில் விற்கிற பையனைச் சந்தித்தேன். “பிரதர், இது என் தாத்தா குடிச்சது. போன வருஷம் தவறிட்டார். வீட்டுல யாருக்கும் இதோட அருமை தெரியல, தெரிஞ்சவங்க கைக்குப் போகட்டும்” என்றான். முகத்துண்டைப் பிரித்து எடுத்தான். அடியில் ‘சோங்குவோ யீசிங்’ (சீனா யீசிங்) முத்திரை. உள்ளே கருத்த தேநீர்க் கறை. மூடியை எடுத்துவிட்டு மேசையில் கவிழ்த்தான். மூக்கு, வாய், கைப்பிடி மூன்றும் ஒரே மட்டத்தில் நின்றன. பிறகு மறுபடி துண்டில் சுற்றினான், பச்சைக் குழந்தையைப் போர்த்துவது போல. அந்த இடத்தில்தான் விழுந்தேன். அப்பா காபி குடித்த டபராவை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அப்படி ஒரு பொருளை யாராவது பொய் சொல்லி விற்பார்களா என்று தோன்றியது. “செயலி வழியா கட்டினா கமிஷன் போகும், நேரா அனுப்புங்க” என்றான். 480 வெள்ளியை அங்கேயே அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து கொதிக்கும் நீரை ஊற்றினேன். தேநீர் வாசனையே இல்லை, ஷூ பாலிஷ் நெடி! தண்ணீர் மேல் எண்ணெய் மிதந்தது. வெள்ளைத் துணியால் வெளியே துடைத்தால் துணி பழுப்பாகிறது. தாத்தாவின் கறை இரண்டாவது சுடுதண்ணீரிலேயே கழன்று, அடியில் புத்தம் புது மண் தெரிந்தது. கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். கைப்பிடி ஒட்டும் இடத்தில் உட்பக்கம் ஒரு குழி. மண்ணைப் பலகையாகத் தட்டி வளைத்துச் செய்யும்போது கைப்பிடியைத் தனியே செய்து ஒட்டுவார்கள், உள்ளே குழி விழாது. இது மண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றியது. சைனாடவுனில் எனக்குத் தெரிந்த தேயிலைக் கடை ஆன்ட்டியிடம் கொண்டுபோனேன். உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு மேசை மேல் என் பக்கமாகத் தள்ளினார். “இதில் குடிக்காதே” என்றார், அவ்வளவுதான். சாதாரண மண்ணில் ரசாயனச் சாயம் கலந்து யீசிங் மண் என்று விற்பதை 2010இல் சீன அரசுத் தொலைக்காட்சியே அம்பலப்படுத்தியது. இதில் என்ன கலந்திருக்கிறதோ.

அவனிடம் கேட்டேன். முதலில், “உங்களுக்குக் கழுவத் தெரியல, பழைய மெருகு போயிடுச்சு” என்றான். அப்புறம், “செகண்ட் ஹேண்ட் சாமானுக்கு ரிட்டர்ன் இல்ல.” மறுநாள், “சரி பிரதர், பாவம், 30 வெள்ளி தரேன்.” 480 எங்கே, 30 எங்கே? கோபமாக ஒரு வரி எழுதியதும் என்னைத் தடை செய்துவிட்டான். செயலிக்காரர்களுக்கு எழுதினால், பணம் வெளியே கைமாறியதால் தலையிட முடியாதாம். மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் அச்சுப் பிசகாமல் அதே பதில்.

விவரமாக எழுத உட்கார்ந்தால் கை நடுங்குகிறது. இதை மட்டும் செய்யுங்கள். ஃபிளாஸ்கில் சுடுதண்ணீர் கொண்டுபோய் அங்கேயே ஊற்றி மோந்து பாருங்கள். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். மூக்கின் அடியில், உட்பக்கம், பந்து வடிகட்டி (ஓட்டைகள் போட்ட பந்து மாதிரிப் புடைப்பு) இருந்தால் 60களின் பாத்திரம் என்பதை நம்பாதீர்கள், அது பிற்பாடு வந்தது என்பது சேகரிப்பவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், இருந்தும் கோட்டை விட்டேன். செயலிக்கு வெளியே ஒரு வெள்ளிகூட அனுப்பாதீர்கள்.

நேற்று ராத்திரி மனைவியின் கைபேசியில் பார்த்தேன். அதே துண்டு, அதே மேசை, வேறு டீபாட். ‘தாத்தா குடித்தது’ என்று போட்டிருக்கிறான். விலை 520.