டிரோலிங்குக்கு 2500 ஸ்பின்னிங் ரீல்: நரம்பு முறுக்கோடு ஒரு நீண்ட குடித்தனம்

லைன் ரோலர், அதாவது தூண்டில் நரம்பு உருண்டு உள்ளே ஏறும் சின்ன உருளை; அதன் பேரிங்கை மாற்றி, என் மீன்பிடி ரீல் சர்வீஸிலிருந்து திரும்பி வந்துவிட்டது. இந்த நேரம் பார்த்து குன்னூர் நண்பர் ஒருவர் கேட்கிறார்: "எமரால்டு டேம்ல டிரோலிங் போட 2500 ஸ்பின்னிங் ரீல் போதுமாண்ணா, இல்ல பெயிட்காஸ்டர் வாங்கணுமா?" டிரோலிங் என்றால் ஓடும் படகுக்குப் பின்னால் லூரை (போலி இரையை) இழுத்துப் போய் மீன் பிடிப்பது; 2500 என்பது ரீலின் அளவு; பெயிட்காஸ்டர் என்பது நரம்பு சுற்றிய ஸ்பூலே சுழலும் ரீல். ஒரே வரியில் பதில் சொன்னால் அவர் தவறான சாமானைத்தான் வாங்குவார். அதனால் விரிவாகவே எழுதுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். இந்த விலையில் கிடைக்கும் 2500 ரீல்கள் எல்லாம் அண்ணன் தம்பிகள்தான், குணம் பெரிதாக மாறாது.

செட் இதுதான்: 5.2:1 கியர் ரீல், ஆறரை அடி மீடியம் லைட் ராடு, 0.25 மி.மீ. மோனோ (ஒற்றை இழை) நரம்பு, அதாவது ஏறக்குறைய எட்டு பவுண்டு. நல்லதைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். கியர் இன்னும் வழவழப்பாக ஓடுகிறது. டிராக் (மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக்) திக்கித் திக்கி இழுக்காமல் சீராக விடுகிறது. எடை குறைவு, கரையில் நின்று ஐந்து கிராம் ஸ்பூனையும் (கரண்டி வடிவ உலோக லூர்) தூரமாக வீசலாம். பனியிலும் தூறலிலும் கிடந்தும் உடம்பில் துரு இல்லை.

கெட்டது ஒன்றே ஒன்று. நரம்பு முறுக்கு. ராடு நுனிக்குக் கீழே ஒரு மீட்டர் நரம்பைத் தளர்த்தித் தொங்க விட்டுப் பாருங்கள். அது தன்னைத்தானே சுற்றிப் பின்னிக்கொண்டால் முறுக்கு ஏறிவிட்டது என்று பொருள். அப்படியே தொடர்ந்தால், பெயிலை (நரம்பை ஸ்பூலுக்கு வழிநடத்தும் கம்பி வளைவு) திறந்ததும் ஸ்பூலிலிருந்து ஐந்தாறு சுற்று கொத்தாகக் கழன்று ராடின் முதல் வளையத்திலேயே சிக்கும். காலையில் ஐந்து டிகிரி குளிரில், கையுறையைக் கழற்றிவிட்டு அந்தச் சிக்கை எடுக்கும்போது வரும் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

"ரோலர் இறுகிப்போனதுதான் காரணம், இனி முறுக்கே வராது" என்று சர்வீஸில் சொல்லி அனுப்பினார்கள். பாதிதான் சரி. ரோலர் இறுகினால் நரம்பு அதன் மேல் உருளாமல் உரசிக்கொண்டு, ஒரு பக்கமாகப் புரண்டபடி ஏறும்; முறுக்கு கூடும், நரம்பும் தேயும். இதைக் கண்டுபிடிக்க ரீலைப் பிரிக்க வேண்டியதில்லை. ரோலரின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். நரம்பு நுனியில் முந்நூறு கிராம் எடையைக் கட்டித் தொங்கவிட்டு மெதுவாகச் சுற்றுங்கள். புள்ளி சுற்றி வந்தால் ரோலர் உயிரோடு இருக்கிறது. அசையாமல் நின்றால் பிரித்தே ஆக வேண்டும். ரோலரைத் தாங்கும் பெயில் முனையில் ஒரே ஒரு திருகுதான். அதற்குள் புஷ், பேரிங், வாஷர் எந்த வரிசையில் இருக்கிறது என்று முதலில் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் பேரிங் பெரும்பாலும் 4×7×2.5 மி.மீ.; ஆனாலும் அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். மாற்றிய பிறகு இலேசான ரீல் எண்ணெய் ஒரு சொட்டு போதும். அங்கே கிரீஸ் வைக்கக் கூடாது. இந்த மலைக் குளிரில் கிரீஸ் கெட்டியாகிவிட்டால் புது பேரிங்கும் பழையதைப் போலத்தான் நிற்கும்.

மீதிப் பாதிக்குக் காரணம் ரீலின் கோளாறு அல்ல, அதன் பிறவிக் குணம். டிரோலிங்கில் பலரும் செய்வது இது: பெயிலை மூடியே வைத்து, டிராக்கைத் தளர்த்தி, படகு போகப் போக நரம்பைத் தானாக ஓட விடுவார்கள். வசதிதான், ஒரு கையால் துடுப்பைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் ஸ்பின்னிங் ரீலில் சுருட்டும்போது ஸ்பூல் சுற்றாது, பெயிலைத் தாங்கும் ரோட்டர்தான் அதைச் சுற்றி வந்து நரம்பைச் சுருட்டுகிறது. அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் நரம்பில் ஒரு முறுக்கு ஏறும். திறந்த பெயில் வழியாக நரம்பு வெளியே போனால், ஸ்பூல் விளிம்பைத் தாண்டும் ஒவ்வொரு சுற்றிலும் அதே முறுக்கு இறங்கிவிடும், கணக்கு நேராகிவிடும். டிராக் வழியாகப் போனால் சுற்றுவது ஸ்பூல், முறுக்கு இறங்காது. திரும்பச் சுருட்டும்போது மட்டும் ஏறும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த அளவு ஸ்பூலில் ஒரு சுற்றுக்குச் சுமார் 14 செ.மீ. நரம்பு. நாற்பது மீட்டரை டிராக் வழியாக விட்டுச் சுருட்டினால் கிட்டத்தட்ட 280 முறுக்கு. நான்கைந்து முறை விட்டுச் சுருட்டினாலே ஆயிரத்தைத் தாண்டிவிடும். இதற்கு எந்த சர்வீஸ் சென்டரும் மருந்து தர முடியாது.

எனவே நரம்பு விடும்போது பெயிலைத் திறந்து, சுட்டுவிரலை ஸ்பூல் விளிம்பில் தொட்டும் தொடாமலும் வைத்து விடுங்கள். தேவையான நீளம் போனதும் கைப்பிடியைச் சுற்றிப் பெயிலை மூடாமல், கையாலேயே மூடுங்கள். நரம்பை ஒருமுறை இழுத்து ரோலரில் உட்காரவைத்த பிறகு ராடை ஹோல்டரில் வையுங்கள். டிராக் வழுக்கிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியைச் சுற்றவே கூடாது. நரம்பு ஒரு விரற்கடைகூட உள்ளே வராது, ஆனால் 5.2:1 கியரில் கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஐந்து முறுக்கு ஏறும். மீன் ஓடினால் ஓடட்டும். நின்றதும் ராடைத் தூக்கி, தாழ்த்தும்போது சுருட்டுங்கள். ஓடும் மீனால் கொஞ்சம் முறுக்கு ஏறத்தான் செய்யும். அதைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை.

அடுத்த குற்றவாளி நரம்பின் மறுமுனையில் இருக்கிறது. ஸ்பூன் என்பது இடமும் வலமும் ஆடி வர வேண்டிய பொருள். வேகம் கூடினால் ஆட்டம் போய் முழுதாகச் சுழல ஆரம்பிக்கும். எந்த வேகத்தில் சுழலத் தொடங்கும் என்பது ஸ்பூனுக்கு ஸ்பூன் மாறும். கட்டியதும் படகின் ஓரத்தில் இரண்டு மீட்டர் நரம்பில் இழுத்துப் பார்த்துவிட்டு விடுங்கள். இன்லைன் ஸ்பின்னரில் (கம்பியைச் சுற்றித் தகடு சுழலும் லூர்) தகடு மட்டும் சுற்றினால் போதும். கம்பியும் சேர்ந்து சுற்றினால் முறுக்கு நேராக ரீலுக்கு வந்துவிடும்.

ஸ்விவல் (இரண்டு கண்ணும் தனித்தனியாகச் சுழலும் இணைப்பு) போட்டால் தீராதா என்று கேட்பீர்கள். எந்த ஸ்விவல் என்பதில்தான் விஷயம். பித்தளை பேரல் ஸ்விவல் கையில் உருட்டினால் அழகாகச் சுற்றும். நரம்பு இழுவையில் இருக்கும்போது பித்தளையோடு பித்தளை உரசி நின்றுவிடும். பால் பேரிங் ஸ்விவல் விலை கூடுதல்தான், ஆனால் இழுவையிலும் சுற்றும். அதையும் லூரின் மூக்கில் மாட்டாதீர்கள். ஸ்விவலுக்குக் கீழே 80 செ.மீ. லீடர் (லூரைக் கட்டும் கடைசித் துண்டு), 0.22 மி.மீ. நரம்பில், பிறகு லூர். மேலே இருப்பதைவிட லீடர் மெல்லியதாக இருந்தால், கட்டையில் மாட்டி அறுந்தாலும் போவது லூர் மட்டும்தான்.

அதற்குப் பிறகும் முறுக்கு ஏறுகிறதென்றால், ஸ்விவலின் மேல் பாதியும் லூரோடு சேர்ந்து சுற்றுகிறது. அதைப் பிடித்து நிறுத்த ஒரு கீல் (படகின் அடிக்கட்டை போலப் புரளாமல் காக்கும் எடை) வேண்டும். ஒரு மி.மீ. கனமுள்ள ஈயத் தகட்டில் 25 மி.மீ. விட்டத்துக்கு ஒரு வட்டம் வெட்டுங்கள். ஸ்விவலின் மேல் கண்ணில் அதை வைத்து இரண்டாக மடியுங்கள். அரைநிலா வடிவம், எடை ஐந்தரை கிராம். நேர் விளிம்பு நரம்போடு ஒட்டியும் வளைந்த விளிம்பு கீழேயும் தொங்கும். கீழ் எடை இருப்பதால் மேல் கண் புரளாது. சுற்ற வேண்டியது கீழ் கண் மட்டும்தான். மடிக்கும்போது ஸ்விவலின் உடலைச் சேர்த்து நசுக்கிவிடக் கூடாது, கண்ணோடு நிறுத்துங்கள். ஈயம் வெட்டிய கையைக் கழுவாமல் வர்க்கியைத் தொட வேண்டாம்.

இந்தக் காசில்லாத அரைநிலாதான் இந்த ரீலை இன்னும் வைத்திருக்கக் காரணம். முறுக்கு கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்துவிடுகிறது, லூரும் கொஞ்சம் ஆழத்தில் ஓடுகிறது.

இதற்கு ஒரே எதிரி கற்பூர மர (யூகலிப்டஸ்) இலை. அரிவாள் போல வளைந்த அந்த நீள இலை காற்றில் தண்ணீருக்கு வந்து, நரம்பில் மாட்டி, வழுக்கிக் கீலில் வந்து உட்காரும். பிறகு கீலையே காற்றாடியாக்கிவிடும். ராடு நுனியின் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஸ்பூன் ஒழுங்காக ஆடினால் நுனி சீராகத் துடிக்கும். துடிப்பு நின்றாலோ மந்தமானாலோ ஏதோ மாட்டியிருக்கிறது, உடனே சுருட்டுங்கள். இலையோடு அரைமணி நேரம் இழுத்தால் மீனும் கிடையாது, நரம்பும் கிடையாது.

ஏறிவிட்ட முறுக்கை இறக்க வழி உண்டு. லூர், ஸ்விவல், கீல் எல்லாவற்றையும் கழற்றி, வெறும் நரம்பை 60, 70 மீட்டர் படகுக்குப் பின்னால் விட்டு ஐந்து நிமிடம் துடுப்புப் போடுங்கள். நுனி சுதந்திரமாக இருப்பதால் முறுக்கு தானாக அவிழும். பிறகு இரண்டு விரலுக்கிடையே இறுக்கிப் பிடித்துச் சுருட்டுங்கள். வெட்டி எறிய வேண்டிய நரம்பை ஏரியில் போடாமல் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

இனி ஓட்டும் முறை. மீன்வளத்துறை உரிமம், வனத்துறை எல்லைக்குள் அவர்கள் அனுமதி, படகோ பரிசலோ இறக்கலாமா என்பது, இவற்றைக் கேட்டு வாங்காமல் கிளம்ப வேண்டாம். ரெயின்போ டிரவுட்டுக்கு மணிக்கு இரண்டரை கி.மீ. ஒட்டிய வேகம் போதும். தண்ணீரில் மிதக்கும் ஒரு சருகைப் பார்த்து, பத்து மீட்டர் தாண்ட 14 விநாடி ஆனால் அதுதான் அந்த வேகம். மோட்டாரைவிடத் துடுப்பு இதற்குத் தோது. ஒவ்வொரு வலிப்புக்கும் ஸ்பூன் முன்னே பாய்ந்து, துடுப்பு தண்ணீரை விட்டு எழும் நேரத்தில் தளர்ந்து அமிழும். மீன் அடிப்பது பெரும்பாலும் அந்தத் தளர்ச்சியில்தான்.

நேர்கோட்டில் ஓட்டாமல் வளைந்து வளைந்து போங்கள். வளைவில் உள்பக்க லூர் வேகம் குறைந்து தாழும், வெளிப்பக்க லூர் வேகமெடுத்து மேலே வரும். எந்தப் பக்கம் அடி விழுகிறதோ, அடுத்த ஓட்டத்துக்கு அந்த வேகத்தையும் ஆழத்தையும் வைத்துக்கொள்ளலாம். சாதாக்கெண்டையை நம்பி டிரோலிங் போடாதீர்கள், அது அடியில் கிளறித் தின்னும் சாதி.

எமரால்டும் அவலாஞ்சியும் குந்தா மின் திட்டத்துக்கான அணைகள். மின்சாரத்துக்குத் தண்ணீர் எடுக்க எடுக்க மட்டம் இறங்கும். போன மாதம் ஐந்து மீட்டர் ஆழத்தில் இருந்த சீகை (வாட்டில்) மரக் கட்டை இந்த மாதம் லூரின் வழியில் நிற்கும். மாட்டிக்கொண்டால் கைப்பிடியைச் சுற்றாதீர்கள், மேலே சொன்ன ஐந்து முறுக்குக் கணக்கு இங்கேயும் உண்டு. படகைத் திருப்பி, மாட்டிய இடத்தைத் தாண்டிப் போய், எதிர்ப்பக்கமிருந்து இழுங்கள். டிராக் 700 கிராமில் இருக்கட்டும், மீன் எடை போடும் ஸ்பிரிங் தராசால் அளந்து வையுங்கள். ராடு ஹோல்டரில் இருக்கும்போது கட்டை மாட்டினாலும் நரம்பு அறுவதற்குள் டிராக் விட்டுக்கொடுக்கும்.

பனிக்காலக் காலைகளில் டிரவுட் மேல்மட்டத்திலேயே வரும், ஏழு செ.மீ. மிதக்கும் பிளக் (மீன் வடிவ லூர்) போதும். பிளக்குக்குச் சின்ன ஸ்னாப் (கொக்கி) மட்டும் போடுங்கள், கனமான ஸ்விவல் மூக்கை அமுக்கிவிடும். பிளக் உங்களை நோக்கி வரும்போது உங்கள் இடப்பக்கம் ஓடினால், அதன் மூக்குக் கண்ணை உங்கள் வலப்பக்கம் மயிரிழை வளையுங்கள். மார்ச்சுக்குப் பிறகு வெயில் ஏறினால் மீன் ஆழத்துக்கோ, ஓடை வந்து சேரும் குளிர்ந்த முனைக்கோ போய்விடும். அப்போது ஸ்பூனும் கீலும். தென்மேற்குப் பருவத்தில் கலங்கல் தண்ணீரில் செம்பு நிறம், தெளிந்த தண்ணீரில் வெள்ளி. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அதுமாதிரி நாட்களில் வீட்டில் உட்கார்ந்து ரோலருக்கு எண்ணெய் போடுவதே நல்லது.

பிரெய்டு (பின்னல்) நரம்பு முறுக்கைத் தாங்காதா என்றால், தாங்குவது போல நடிக்கும். முறுக்கு தெரியாமல் சேர்ந்து, திடீரென்று ஒரு முடிச்சாக வரும். தவிர அதற்கு இழுபடும் குணம் இல்லை. ஓடும் படகில் டிரவுட்டின் மெல்லிய வாயில் முள் கிழித்துக்கொண்டு போகும். மோனோவே இருக்கட்டும். ஸ்பூல் விளிம்புக்கு இரண்டு மி.மீ. குறைவாக நிரப்புங்கள், பருவத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

சரி நண்பரே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். படகில் உட்கார்ந்து டிரோலிங் மட்டும்தான் என்றால் இந்த ரீலை வாங்காதீர்கள். சின்ன உருண்டை மல்டிபிளையர் ரீல், அதாவது நீங்கள் கேட்ட பெயிட்காஸ்டர் வகை, வாங்குங்கள். அதில் நரம்பு நேராக ஏறி நேராக இறங்கும், ரீல் தன் பங்குக்கு முறுக்கு ஏற்றாது. பின்னாளில் லெட்கோர் (உள்ளே ஈயம் வைத்த நரம்பு) போட ஆசை வந்தாலும் இடம் இருக்கும். கரையிலிருந்தும் வீச வேண்டும், கையில் ஒரு செட்டுக்குத்தான் காசு என்றால் வேறு வழியில்லை, இதுதான். ஐந்துக்கு இரண்டு மார்க் போடுகிறேன். அந்த இரண்டும் டிராக்குக்கு. நாளைக்கே இது உடைந்தால் இதே மாடலைத்தான் தேடுவேன் என்பதும் உண்மை, அதற்குக் காரணம் கேட்காதீர்கள்.

எதை வாங்கினாலும் முதலில் பால் பேரிங் ஸ்விவல் நான்கைந்து வாங்கிவிட்டு மீதிப் பணத்தில் ரீல் பாருங்கள். கடைக்காரர் பித்தளை பேரல் ஸ்விவல் பாக்கெட்டைச் சும்மா தந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.