ஸ்கெட்ச்அப், வி-ரே, ட்வின்மோஷன்: வீடு வரைபவரின் பல வருட அனுபவம்

திருச்சியில் சின்ன அளவில் வீடுகள் வடிவமைத்துக் கொடுக்கிறேன். ஸ்கெட்ச்அப்பில் வீட்டின் 3டி மாடல், அதை நிஜப் படம் போல மாற்றும் ரெண்டர் வி-ரேயில் என்பதுதான் ஆரம்பத்திலிருந்து வழக்கம். இப்போது பாதி வேலை, உடனுக்குடன் படம் காட்டும் ட்வின்மோஷனுக்குப் போய்விட்டது. விளம்பர வீடியோக்களைப் பார்த்தால் ஒவ்வொரு புதுப் பதிப்பும் பெரிய புரட்சி போலத் தெரியும். பல வருடம் ஓட்டியபின் பார்த்தால், என் வேலையை நிஜமாகவே மாற்றியவை இரண்டு மூன்றுதான்.

அதில் முதலிடம், ரெண்டரில் வரும் புள்ளிகளை நீக்கும் டினாய்ஸருக்கு. நிஜம் போன்ற படம் வேண்டுமென்றால் கணினி ஒவ்வொரு பிக்சலுக்கும் பல கதிர்களை அனுப்பி, அவை சுவரிலும் தரையிலும் பட்டுத் தெறிப்பதைச் சராசரி எடுக்க வேண்டும். கதிர் போதாவிட்டால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கும். அந்தப் புள்ளிகளைப் பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு கதிர் தேவை. அதையும் பாதியாக்க மறுபடி நான்கு மடங்கு. ஒற்றை ஜன்னல் உள்ள படுக்கையறைக்கு ராத்திரி ரெண்டர் போட்டுவிட்டுத் தூங்கப் போனதெல்லாம் இந்தக் கணக்கால்தான். நடுவில் கரண்ட் போனால் அவ்வளவுதான்.

2018-இல் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கிராபிக்ஸ் கார்டுகள் கதிர்க் கணக்குக்கென்றே தனிப் பகுதியோடு வந்தன. 2019-இல் இன்டெல் தன் டினாய்ஸரை ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது. பிளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருள் அதே வருடம் அதைச் சேர்த்துக்கொண்டது. கொஞ்சம் கதிரை அனுப்பி மீதியை ஊகித்து நிரப்புவதுதான் டினாய்ஸரின் வேலை. ஊகம் என்பதால் துளைகள் உள்ள டெரகோட்டா ஜாலியின் ஓரங்களையும் கதர் திரையின் நெசவையும் மெழுகிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்துக்கு அது போதும். பிரிண்ட் போடும் படத்துக்கு இன்றும் கதிரைக் கூட்டிவிட்டுக் காத்திருக்கிறேன்.

வேகம் வந்ததால் இன்னொன்று நடந்தது. முன்பெல்லாம் டிசைன் முடிந்த பிறகுதான் ரெண்டர்; இப்போது ஜன்னலை நகர்த்தும்போதே வெயில் எங்கே விழுகிறது என்று பார்க்கிறேன். "வடக்குப் பக்கம்தானே, சன்ஷேட் எதற்கு?" என்று கேட்காத கிளையன்ட் குறைவு. திருச்சியில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை உச்சி வெயில் வடக்கிலிருந்துதான் வருகிறது. ஜூன் மாதச் சாயங்கால வெயில் வடமேற்கிலிருந்து சாய்வாக வருவதால், சன்ஷேட் மட்டும் போதாது, பக்கவாட்டில் ஒரு தடுப்பும் வேண்டும். இதை வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நேரத்தை நகர்த்தி நிழல் ஓடுவதைத் திரையில் காட்டினால் பேச்சு முடிந்துவிடும். ஒன்று மட்டும் கவனம்: ஸ்கெட்ச்அப்பில் ஊரை மாற்றாமல் விட்டால் சூரியன் அமெரிக்காவின் போல்டர் நகரத்துக் கணக்கில் ஓடும். பூமத்திய ரேகையிலிருந்து 40 டிகிரி வடக்கே உள்ள ஊர் அது. அங்கே தெற்கு வெயில் ஹாலுக்குள் நீளமாக நுழையும். வெளியே செய்து வரும் பல படங்களில் நம் ஊர் வீட்டுக்குள் அந்த ஊர் வெயில் அடிப்பதைப் பார்க்கிறேன்.

மெட்டீரியல் விஷயத்தில் எனக்குப் பாதி திருப்திதான். ஸ்கெட்ச்அப் 2025-இல் பிபிஆர் மெட்டீரியலும் (வெளிச்சம் பட்டால் நிஜப் பொருள் போலத் தெரிவது) எச்டிஆர்ஐ வானமும் (நிஜ வானத்தின் வெளிச்சத்தைத் தரும் படம்) உள்ளேயே வந்துவிட்டன. எந்த இடம் பளபளக்கும், எந்த இடம் மங்கும் என்று தனித்தனியாகச் சொல்ல முடிவதால் ரெட் ஆக்சைடு தரை ஒருவழியாக ரெட் ஆக்சைடு மாதிரியே தெரிகிறது. ஆனால் கூடவே வரும் மெட்டீரியல் நூலகங்களில் ஓக் மரமும் இத்தாலிய மார்பிளும் எத்தனை வேண்டுமானாலும் இருக்கும். ஆத்தங்குடி டைல்ஸ் கிடைக்காது. கையால் செய்யும் கல், ஒன்று போல் இன்னொன்று இருக்காது. அதனால் நிழலில் வைத்துச் சில கற்களைப் படமெடுத்து, கலைத்துப் போட்டு மாடலின் மேல் ஒட்டும் டெக்ஸ்ச்சரை நானே செய்துகொள்கிறேன். விளக்கும் அப்படித்தான். ரெடிமேட் காட்சிகள் எல்லாம் ஹோட்டல் லாபி போல மஞ்சள் வெளிச்சத்தில் இருக்கும். நம் வீடுகளில் எரிவது 6500 கெல்வின் வெள்ளை டியூப். அதே வெளிச்சத்தில் ஒரு படமும் சேர்த்துக் கொடுத்தால், பெயிண்ட் அடித்த பிறகு "படத்தில் வேறு கலர் இருந்ததே" என்ற சண்டை குறைகிறது.

செலவைப் பொறுத்தவரை, 2024-இலிருந்து வருடத்துக்கு பத்து லட்சம் டாலருக்குக் கீழே வருமானம் உள்ளவர்களுக்கு ட்வின்மோஷன் இலவசம். எனக்கு அந்த வரம்பைப் பற்றிய கவலை இந்த ஜென்மத்தில் வராது! புதிதாகத் தொடங்குபவர்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம். வீட்டு உள்வேலை மட்டும் செய்பவர்களுக்கு வி-ரே சந்தா கொடுத்த காசுக்குத் தகும் என்பது என் கணிப்பு. லேப்டாப் வாங்கும்போது பிராசசரைவிட கிராபிக்ஸ் கார்டின் மெமரியைப் பாருங்கள். 6 ஜிபியில் நாலு மரம், ஒரு கார் வைத்தாலே திணறும். 12 ஜிபி இருந்தால் தோட்டத்தோடு ஒரு வீடு தாராளமாக ஓடும்.