மூணு மார்க்கில் போச்சா? இந்திராநகரில் ஐ.க்யூ. டெஸ்ட் எடுத்த கதை

பையனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. பெங்களூர் அல்சூரில் வீடு. போன நவம்பரில் இந்திராநகரில் ஒரு தனியார் சென்டரில் அவனுக்கு ஐ.க்யூ. டெஸ்ட் எடுத்தோம். ரிப்போர்ட்டோடு சேர்த்து 12,500 ரூபாய். சென்டர் பெயரைப் போடவில்லை, நான் திட்டப்போவதும் இருக்கிறது. இதுவரை நாலு அம்மாக்கள் போன் போட்டு "எடுக்கலாமா?" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் பேச முடியவில்லை, அதனால் இங்கே.

ஏன் போனோம் என்றால், காலண்டர். மாமியார் வீட்டில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தவன், "அம்மா, பிப்ரவரியும் மார்ச்சும் ஒரே மாதிரி இருக்கு, மார்ச்சுல கடைசியில மூணு நாள் மட்டும் கூட" என்றான். அப்போது ஆறு வயது. லீப் வருடத்தில் அப்படி வராதே என்று மறுநாள் அவனே வந்து நின்றான். மாமனாருக்குப் பெருமை தாங்கவில்லை. அதே பையனின் பள்ளி டைரியில் வாராவாரம் சிவப்பு மையில் ஒரே குறிப்பு: போர்டில் இருப்பதை எழுதி முடிப்பதில்லை, கவனம் இல்லை. இரண்டும் ஒரே ஆள்தானா என்று எனக்குக் குழப்பம். கணவர் மட்டும், "நம்பர் தெரிஞ்சு என்ன பண்ணப்போற?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

இதற்கு முன்பே ஒரு குழியில் விழப் பார்த்தேன். அபார்ட்மென்ட் வாசலில் ஒரு சனிக்கிழமை ஸ்டால் போட்டு, பத்து விரல் ரேகையையும் ஸ்கேன் செய்து குழந்தையின் அறிவை அளந்து தருவதாக உட்கார்ந்திருந்தார்கள். டிஎம்ஐடி என்று பெயர். அன்றைக்கு மட்டும் தள்ளுபடியில் 2,999. விரல் ரேகையை வைத்து அறிவை அளக்கலாம் என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஜோசியரிடம் போனாலாவது வெற்றிலை பாக்கு மிச்சமாகும்.

அப்புறம் மூன்று இடங்களுக்குப் போன் போட்டேன். என்ன டெஸ்ட், யார் எடுப்பார்கள் என்று இரண்டே கேள்வி. ஒரு இடத்தில் மிசிக் என்றார்கள். அது ஒரு அமெரிக்க டெஸ்டை மாலின் என்பவர் இந்தியக் குழந்தைகளுக்காக மாற்றியமைத்தது, 1969-ல் வந்தது. இன்னும் பல இடங்களில் அதுவும், அதைவிடப் பழைய பினே-காமத்தும்தான் ஓடுகின்றன. தலைமுறைக்குத் தலைமுறை இந்த டெஸ்டுகளில் மதிப்பெண் ஏறிக்கொண்டே வந்ததைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். அந்தக் காலத்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டால் இன்றைய குழந்தைக்கு எண் கொஞ்சம் ஊதித்தான் வரும். வாட்ஸ்அப்பில் போட நன்றாக இருக்கும், வேறு எதற்கு? இன்னொரு இடத்தில் டெஸ்ட் எடுப்பவரின் ஆர்சிஐ (கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகளைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேட்டதற்கு "அதெல்லாம் எதுக்கு மேடம்?" என்றார்கள். வைத்துவிட்டேன். மூன்றாவதாகச் சொன்ன இடத்தில் பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், டெஸ்ட் விஸ்க், அதாவது குழந்தைகளுக்கான வெக்ஸ்லர் ஐ.க்யூ. டெஸ்ட், நான்காம் பதிப்பின் இந்திய வடிவம். அங்கே போனோம்.

பெங்களூரில் இருக்கும் அரசு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் யோசனையும் வந்தது. கட்டணம் குறைவு. ஆனால் நிஜமான கஷ்டத்தோடு வெளியூரிலிருந்து வந்து காத்திருக்கிறவர்கள் வரிசையில் நின்று, "என் பையன் ரொம்பப் புத்திசாலியா?" என்று கேட்க மனசு வரவில்லை.

சென்டர் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. காத்திருக்கும் அறையில் மீன் இல்லாத மீன் தொட்டி. காலை ஒன்பதரைக்கு உள்ளே போனவன் பதினொன்றே முக்காலுக்கு வந்தான், நடுவில் ஒரு ஜூஸ் இடைவேளை. முதல் ஸ்லாட்டையே கேளுங்கள், மத்தியானம் என்றால் குழந்தை தூங்கி வழியும்.

பத்து நாள் கழித்து விளக்கம் சொல்லக் கூப்பிட்டார்கள். மொத்த எண் 127. சராசரி 100, பொதுவாக 130-ஐத் தாண்டினால்தான் 'கிஃப்டெட்' என்கிறார்கள், நூற்றில் இரண்டு பேர் அளவுக்கு. மாமனார் வீட்டுக்கு வந்ததும் கேட்டது: "ஏம்மா, மூணு மார்க்கில் போச்சா? ரீவேல்யூவேஷன் போட முடியாதா?"

சிரித்துவிட்டேன், ஆனால் டெஸ்ட் எடுத்த சைக்காலஜிஸ்ட் அம்மா அறையில் சொன்னதும் கிட்டத்தட்ட இதற்குப் பதில்தான். 127 என்பது ஒரு புள்ளி கிடையாது, 122-லிருந்து 131 வரை எங்கேயும் இருக்கலாம் என்றார். அதைவிட, இவன் விஷயத்தில் மொத்த எண்ணையே பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று உள்ளே இருந்த நான்கு எண்களைக் காட்டினார். மொழி 121, கண்ணால் பார்த்து யோசிப்பது 138, நினைவில் வைத்து வேலை செய்வது 126, வேகம் 97. மொழியில் சில பதில்களைத் தமிழில் சொன்னானாம், இங்கிலீஷ் வார்த்தை வரவில்லை. வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ், கீழே விளையாடும்போது கன்னடம், வேறு எப்படி இருப்பான்? அதையும் அவர் குறித்து வைத்திருந்தார்.

அந்த 97-க்குத்தான் நான் 12,500 கொடுத்தேன் என்று இப்போது நினைக்கிறேன். வேகத்துக்கான பகுதியில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு குறி, அதை வரிசையாக எழுதிக்கொண்டே போக வேண்டும், இரண்டு நிமிடம். எங்கள் ஆள் ஒவ்வொரு குறியையும் கட்டத்தின் நடுவில் கச்சிதமாக உட்காரவைத்து, ஒரு கோடு வளைந்தால் அதன் மேலேயே திரும்ப இழுத்து, மார்கழிக் கோலம் போடுகிற மாதிரி போட்டிருக்கிறான். தப்பு ஒன்றுகூட இல்லை. நேரம் முடிந்துவிட்டது. பென்சிலை நாலு விரலும் சேர்த்து நெரித்துப் பிடிக்கிறான் என்றும் காட்டினார். "கவனக்குறைவு மாதிரி எனக்குத் தெரியவில்லை மேடம், அவனுக்குக் கோணலாக எழுதப் பிடிக்கவில்லை, கையும் ஒத்துழைக்கவில்லை" என்றார். எதற்கும் முதலில் கண்ணைக் காட்டிவிடுங்கள் என்றார். காட்டினோம், பார்வை நன்றாகவே இருந்தது. பென்சில் பிடிக்கு ஒரு தெரபிஸ்டிடம் ஆறு தடவை போனோம்.

இப்போது திட்டு. ரிப்போர்ட் பதினொரு பக்கம், அதில் பாதிக்கு மேல் எல்லாக் குழந்தைக்கும் ஒட்டுகிற வசனம். ஆறாம் பக்கத்தில் என் பையன் திடீரென்று பெண்ணாகிவிட்டான், நடனத்தில் ஆர்வம் என்று வேறு இருந்தது. யார் வீட்டுப் பெண்ணோ! திருத்தி வாங்க மூன்று வாரம், ஏழு போன். அதற்கு நடுவில் ரிசப்ஷனில் இருந்தவர், "இவ்வளவு பொட்டென்ஷியல் இருக்கு மேடம்" என்று 36,000 ரூபாய்க்கு மூளைப் பயிற்சி பேக்கேஜ் விற்கப் பார்த்தார். சைக்காலஜிஸ்டிடம் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அவசியம் இல்லை" என்றார்.

பள்ளியில் பெரிதாக எதுவும் நடக்காது, அதைத் தெரிந்துகொண்டே போங்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கையில் தனித்திறமை உள்ள மாணவர்களைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், ஆனால் எங்கள் பிரின்சிபால் ரிப்போர்ட்டைப் பார்த்து "வெரி குட்" என்று ஃபைலில் வைத்துவிட்டார். வகுப்பாசிரியைதான் அந்த 97-ஐ நிதானமாகப் படித்தார். இப்போது போர்டில் இருப்பதில் பாதியை எழுதினால் போதும், மீதியை வாயால் சொல்லலாம். சிவப்பு மை நின்றுவிட்டது.

டெஸ்ட் எடுத்த அம்மாவுக்கு ஐந்துக்கு நாலரை. சென்டருக்கு ஒன்றரை, அந்த ஒன்றரையும் ஒன்பதரை மணி ஸ்லாட் கொடுத்ததற்காக. பள்ளியில் ஏதோ இடிக்கிறது, என்னவென்று புரியவில்லை என்றால் எடுங்கள். குழந்தை கெட்டிக்காரன் என்று தெரியும், அது எவ்வளவு என்று மட்டும் தெரிய வேண்டும் என்றால், என் தங்கைக்கு நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவள் கேட்கவில்லை, அடுத்த மாதம் போகிறாள்.

பையனுக்கு அன்றைக்குப் பிடித்தது சிவப்பும் வெள்ளையுமான கட்டைகளை அடுக்கியது மட்டும்தான். கடையில் வாங்கித் தா என்று இன்னும் கேட்கிறான். மறுபடி எடுக்க வேண்டி வந்தால் கணக்கு கெட்டுவிடும், அதே மாதிரி வாங்கித் தராதீர்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். மாமனார் தச்சரிடம் சொல்லி வைத்திருக்கிறார் என்று நேற்றுதான் தெரிந்தது.