தெரு யாருடையது, குழி யாருடையது: தானம் கொடுத்த சாலையும் சொந்தச் சாலையும்

கூடுவாஞ்சேரி தாண்டி ஒரு ஊராட்சியில் 2017-இல் நான் அரை கிரவுண்டு மனை வாங்கினேன். அதே வருஷக் கடைசியில் என் சகலை வண்டலூர்–கேளம்பாக்கம் சாலைப் பக்கம் 64 வீடுகள் உள்ள ஒரு வில்லா வளாகத்தில் குடியேறினார். வாங்குவதற்கு முன் இருவரும் ஒரே காரில் போய் இரண்டு இடத்தையும் பார்த்தவர்கள்தான். ரயில் நிலையம் எவ்வளவு தூரம், போர் எத்தனை அடி, பள்ளிக்கூடம் எங்கே, எந்த வங்கி கடன் தரும் என்று எல்லாம் கேட்டோம். வாசலில் கறுப்பாகப் பளபளத்த ரோட்டைப் பற்றி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அது பழசானால் யார் காசில் போடுவது என்ற கேள்வி ஆறு வருஷம் கழித்து, 2023-இல், எங்கள் இருவர் வீட்டு வாசலுக்கும் வந்தது. இருவருக்கும் வேறு வேறு பதில் கிடைத்தது.

முதலில் வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் மனைப்பிரிவுக்கு நகரமைப்பு அமைப்புகளான டி.டி.சி.பி.யோ சி.எம்.டி.ஏ.வோ ஒப்புதல் தருவது என்றால், உள்ளே போட்ட சாலைகளை எல்லாம் புரமோட்டர் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். நிலம் 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் பூங்காவுக்கான பத்து சதவீத இடமும் அப்படியே போகும். அதன் பிறகு தெரு ஊராட்சியின் சொத்து. சகலை வாங்கியது அப்படியல்ல. வில்லாக்களை ஒரே திட்டமாகக் கட்டி, உள்சாலையைப் பொதுப் பகுதியாக வைத்துக்கொள்ளும் குழு வீட்டுத் திட்டம். அங்கே தெரு 64 பேருக்கும் சொந்தம். தெருவிளக்கு பல்பும் சொந்தம்தான்.

இடையில் ஒரு ரகம் உண்டு, ஏமாறுவது பெரும்பாலும் அங்கேதான். ‘கேட்டட் கம்யூனிட்டி பிளாட்’ என்று விளம்பரம் செய்வார்கள். நுழைவாயிலில் வளைவு, செக்யூரிட்டி கூண்டு எல்லாம் இருக்கும். பத்திரத்தைப் பார்த்தால் சாலை ஊராட்சிக்குத் தானம் கொடுத்ததாக இருக்கும். அப்படிப்பட்ட சாலையில் கேட் போட்டுப் பூட்டும் உரிமை யாருக்கும் கிடையாது. செக்யூரிட்டி வண்டி எண்ணை எழுதிக்கொள்ளலாம், ஆளைத் திருப்பி அனுப்ப முடியாது. கேட்டுக்கும் காவலுக்கும் மாதாமாதம் காசு கட்டுவார்கள், சாலை மட்டும் ஊருடையது.

சரி, செலவுக்கு வருவோம்.

மாதாந்திர மெயின்டெனன்ஸைப் பற்றி நான் நீட்டப் போவதில்லை. சகலை வளாகத்தில் சதுர அடிக்கு மூன்றரை ரூபாய். அவர் வீட்டுக்கு மாதம் 7,000. காவல், தோட்டம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, கிளப் ஹவுஸ் எல்லாம் அதில் அடக்கம். ஒரு வீட்டுக்கு 7,500-ஐத் தாண்டி, சங்கத்தின் வருஷ வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால் பதினெட்டு சதவீத ஜி.எஸ்.டி. வரும் என்பதால், ஒவ்வொரு பொதுக்குழுவிலும் அந்த 7,500-க்குக் கீழே எப்படி நிற்பது என்பதே பாதி நேரத்தைத் தின்றுவிடும். எனக்கு மாதச் செலவு பூஜ்யம். வருஷத்துக்கு வீட்டு வரி மட்டும். அவரும் வீட்டு வரி கட்டுகிறார் என்பதுதான் அவருக்கு எரிச்சல். “சகல, வரி ரெண்டு பேரும் கட்டுறோம். உன் தெருவுக்கு லைட் போடுறான், என் தெருவுக்கு நானே பல்பு வாங்குறேன்” என்பார். நியாயமான எரிச்சல்தான்.

சொந்தத் தெரு என்றால் சில ஊர்களில் தெருவுக்கான வரியும் சொந்தம். இதில் உலகப் பிரசித்தி பெற்ற கூத்து சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்தது. பிரெசிடியோ டெரஸ் என்று பெரும் பணக்காரர்கள் குடியிருக்கும் தனியார் தெரு. தெருவுக்கு வருஷ வரி 14 டாலர். அதற்கான கடிதம் பழைய கணக்காளரின் முகவரிக்கே போய்க்கொண்டிருந்ததில் பல வருஷமாக யாரும் கட்டவில்லை. 2015-இல் நகர நிர்வாகம் தெருவையே ஏலம் விட்டது. வெளியூர்த் தம்பதி ஒருவர் 90,100 டாலருக்கு வாங்கிவிட்டார்கள். குடியிருந்தவர்களுக்கு விஷயம் தெரிந்ததே 2017-இல்தான். அந்த வருஷ நவம்பரில் நகர நிர்வாகக் குழு ஓட்டெடுத்து விற்பனையை ரத்து செய்தது. இதைச் சகலையிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, சங்கச் செயலாளருக்குப் போன் போட்டார்.

இனி, தானம் கொடுத்த தெருவே மேல் என்ற என் முடிவைத் தீர்மானித்த விஷயம். ரோட்டைப் பராமரிப்பது என்றால் மாதாமாதம் கூட்டிப் பெருக்குவது என்று நினைக்கிறோம். கூட்டிப் பெருக்குவதில் யாரும் திவாலாக மாட்டார்கள். ஏழெட்டு வருஷத்துக்கு ஒரு தடவை முழுச் சாலையையும் மறுபடி போட வேண்டி வரும் பாருங்கள், அப்போது ஒரே மூச்சில் வரும் பெரிய தொகையை யாரிடம், எப்படி வசூலிப்பது என்பதுதான் முழுக் கேள்வியும்.

சகலை வளாகத்தில் வீடு ஒப்படைக்கும்போதே ஒவ்வொருவரிடமும் 50,000 ரூபாய் கார்ப்பஸ் வாங்கியிருந்தார்கள். 64 வீட்டுக்கு 32 லட்சம். வட்டியை மட்டும் தொட வேண்டும், முதலைத் தொடக் கூடாது என்பது ஏற்பாடு. மூன்றாம் வருஷம் சுத்திகரிப்பு நிலையத்தின் மோட்டார் போனது, முதலில் கை வைத்தார்கள். அப்புறம் கோவிட் காலத்தில் பலர் மெயின்டெனன்ஸ் கட்டவில்லை, மறுபடி கை வைத்தார்கள். ரோடு உடைந்தபோது கார்ப்பஸில் 9 லட்சம்தான் இருந்தது. ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி வீடு ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்தால் கட்டியவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். ரோட்டுக்கும் அந்தச் சட்டம் தெரிந்திருக்கும் போல. ஆறாவது வருஷம்தான் குழி விழுந்தது.

மேல்தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுத் தார் போட ஒப்பந்தக்காரர் சொன்னது 27 லட்சம். சுரண்டாமல் மேலேயே போட்டால் குறையும், ஆனால் கார் நிறுத்தும் இடம் பள்ளமாகிவிடும் என்று வேண்டாமென்றார்கள். நல்ல முடிவு. கார்ப்பஸைத் தொடாமல் வீட்டுக்குச் சுமார் 42,000 என்று தீர்மானம் போட்டார்கள். கிளப் ஹவுஸில் நடந்த அந்தக் கூட்டத்துக்கு நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன், காபி நன்றாக இருக்கும் என்பதால். மூலை வீட்டுக்காரர் எழுந்து, “என் வீடு கேட்டை ஒட்டி இருக்கு. உள்ரோட்ல நான் முப்பது அடிதான் ஓட்டுறேன். கடைசி வீட்டுக்காரருக்குச் சமமா நான் ஏன் குடுக்கணும்?” என்றார். கூட்டம் அதோடு முடிந்தது. அதன் பிறகு நடந்ததெல்லாம் சண்டை.

கடைசியில் 49 வீடுகள் கட்டின. மீதி 15-இல் 9 பூட்டிக் கிடப்பவை; துபாயிலும் டெக்ஸாஸிலும் இருப்பவர்கள் முதலீட்டுக்கு வாங்கிப் போட்டவை. அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போகும், இரண்டு நீலக் கோடும் விழும், பணம் வராது. சங்கத்தால் என்ன செய்ய முடியும்? தண்ணீரை நிறுத்தலாமா என்று பேசினார்கள். வக்கீல் வேண்டாமென்று தடுத்துவிட்டார். வழக்கு போடலாம், 42,000-க்கு எத்தனை வருஷம் அலைவது? சங்கத்தின் கையில் இருக்கும் ஒரே பிடி, வீட்டை விற்கும்போது வாங்குபவர் கேட்கும் பாக்கியில்லாச் சான்றுதான். விற்கிறவனிடம் மட்டும்தான் அது செல்லும். விற்காதவன் பத்து வருஷமும் பூட்டியே வைக்கலாம். பற்றாக்குறையைக் கார்ப்பஸில் எடுத்துத்தான் ரோடு போட்டார்கள். அடுத்த தடவைக்குக் கார்ப்பஸில் இருப்பது 3 லட்சத்துக்குக் கீழே.

இதை நான் ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், ரோட்டை நன்றாகப் போட்டார்கள் என்பதால்தான். தார் சீராக இருக்கிறது, தண்ணீர் வடிகாலை நோக்கி வாட்டமாக ஓடுகிறது, கேபிள்காரன் வந்தால் அனுமதி வாங்கித்தான் தோண்ட முடியும். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கட்டுகிறவன் கட்டாதவனுக்கும் சேர்த்துக் கட்டுகிறான், அதைத் திருப்பி வாங்க வழியில்லை என்பதுதான் குறை. கட்டிய 49 பேரும் அடுத்த தடவை அதே மனசோடு கட்டுவார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

என் தெருவில் கதை வேறு. புரமோட்டர் போட்ட தார் அப்பளம் மாதிரி. எங்கள் 23 அடிச் சாலை ஊராட்சிக்குப் போய்விட்டதால், பின்னால் இருந்த நிலத்தை வாங்கிய இன்னொருவர் தன் புது லேஅவுட்டுக்கு எங்கள் தெருவையே நுழைவாயிலாக்கிக்கொண்டார். போர் போடும் லாரி, ரெடிமிக்ஸ் லாரி, செங்கல் லாரி எல்லாம் எங்கள் வழியேதான். 2020-க்குள் ஜல்லி தெரிய ஆரம்பித்துவிட்டது. தடுக்க முடியுமா? பொதுச்சாலை, முடியாது. சொந்தச் சாலைக்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று வருஷம் மனு கொடுத்தோம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடும்போதெல்லாம் நாலைந்து பேர் போய் உட்கார்ந்தோம். தெருவில் கட்டிய வீடு அப்போது பதினேழு, காலி மனை முப்பதுக்கும் மேல். இதே தெரு எங்கள் சொந்தமாக இருந்து அந்தப் பதினேழு வீடு மட்டும் காசு போட வேண்டியிருந்தால் என்று ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வில்லா வளாகத்தில் 15 பேர் கட்டாததற்கே அந்தப் பாடு. மனைப்பிரிவில் பாதிக்கு மேல் முகமே தெரியாத முதலாளிகள். அன்றைக்கு அந்தத் தானப் பத்திரத்தின் நகலை மறுபடி எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்தேன்.

2023-இல் ஊராட்சி ஒன்றிய நிதியில் சிமெண்ட் சாலை வந்தது. எங்கள் கையிலிருந்து ஒரு ரூபாய் கேட்கவில்லை. ஆனால் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஆறு அங்குலம் கான்கிரீட் கொட்டிவிட்டார்கள். காலையில் கேட்டைத் திறந்தால் பாதியில் தட்டி நின்றது. வெல்டரைக் கூப்பிட்டுக் கேட்டின் அடியை அறுத்தேன், 1,800. மழை வந்தால் தெருத் தண்ணீர் வண்டி நிறுத்தும் இடத்துக்குள் வராமல் இருக்க வாசலில் மேடு போட்டுச் சரிவு கட்டினேன், அது 9,000-க்குப் பக்கம். எதிர்வீட்டம்மா மட்டும் 2018-இல் கட்டும்போதே மேஸ்திரி பேச்சைக் கேட்டு மூன்று படி உயர்த்தியிருந்தார். இப்போது ஒரு படி குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆக, ரோட்டால் எனக்கு ஆன செலவு பதினோராயிரத்துக்குக் கொஞ்சம் கீழே, சகலைக்கு 42,000. அவர் ரோடு என் ரோட்டை விட நல்லது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். என் கணக்கில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது: என் சாலை இதுவரை ஒரே ஒரு தடவைதான் மறுபடி போடப்பட்டிருக்கிறது. ஒன்றிய நிதி எங்கள் தெருவுக்கு வந்ததில் அதிர்ஷ்டமும் உண்டு. பக்கத்துத் தெருக்காரர்கள் இன்னும் மனுவோடு நிற்கிறார்கள். காத்திருக்கப் பொறுமை இல்லாத தெருக்களுக்கு ‘நமக்கு நாமே’ திட்டம் ஒரு வழி. மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். நாங்கள் முயலவில்லை, முயன்றிருந்தால் அந்த மூன்றில் ஒரு பங்கை வசூலிப்பதிலும் மூலை வீட்டுக்காரர் ஒருவர் எழுந்து நின்றிருப்பார்.

இன்னொரு ரகம், சுருக்கமாக: ஒப்புதலே வாங்காத பழைய லேஅவுட். அங்கே சாலை தானமும் ஆகவில்லை, சங்கத்துக்கும் போகவில்லை, புரமோட்டர் பெயரிலேயே நிற்கும். சாலையையே மனையாக்கி விற்ற கதைகளும் உண்டு. 2016 அக்டோபர் 20 வரை பதிவான அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்த 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. மனைக்கு வரன்முறை ஆணை இருக்கிறது என்பதால் தெருவும் ஊராட்சி கைக்குப் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளாமல், ஊராட்சி அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் குழியை மூட வேண்டியவரே கிடையாது.

யாராவது என்னிடம் மனையா வில்லாவா என்று கேட்டால், வயதான பெற்றோர் இருந்து, பாதுகாப்பும் உடனடிப் பழுதுபார்ப்பும்தான் முக்கியம் என்றால் வில்லாவுக்குப் போகச் சொல்வேன். ஆனால் கையெழுத்துப் போடும் முன் சங்கத்தின் கடைசி மூன்று வருஷத் தணிக்கைக் கணக்கைக் கேட்கச் சொல்வேன். அதில் கார்ப்பஸ் எவ்வளவு, பாக்கி வைத்தவர் எத்தனை பேர், பூட்டிக் கிடக்கும் வீடு எத்தனை என்று பார்த்தால் போதும். மற்றவர்களுக்கு, தானப் பத்திரம் பதிவான தெருவில் மனை. பத்திரத்தின் எண்ணை வாங்கிக்கொண்டு பதிவுத்துறை வில்லங்கத்தில் ஒரு தடவை சரிபார்த்துவிட வேண்டும், புரமோட்டர் காட்டும் ஜெராக்ஸை மட்டும் நம்பக் கூடாது. வீடு கட்டும்போது தெருவை விட மூன்று படி உயர்த்துவதற்கும் காசு ஒதுக்கி வையுங்கள்.

நவம்பர் 1 கிராம சபைக்கு இப்போதே ஒரு மனு தயார். இனி சாலை போட்டால் பழையதைச் சுரண்டிவிட்டுப் போட வேண்டும் என்று ஊராட்சி தீர்மானம் போட வேண்டுமாம். சுரண்டும் வேலைக்கு என்ன ரேட், எத்தனை மில்லிமீட்டர் எடுக்க வேண்டும் என்ற விவரமெல்லாம் சகலை வளாகத்து ஒப்பந்தத் தாளிலிருந்து எடுத்தேன். மனுவை எழுதிக் கொடுத்ததும் அவர்தான், அவர் கையெழுத்து அழகாக இருக்கும்.